விஷன்சர் கரையில் தூண்டிலும் கூடாரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரின் விஷன்சர், கிருஷன்சர், கட்சர், கங்காபல் போன்ற உயர்மலை ஏரிகளுக்கு டிரவுட் மீனைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். தண்ணீருக்கு மிக அருகில் போய்விடுகிறார்கள், அதுவும் மிக விரைவில். மீன் கலைந்து ஓடுவதும், விடியும்போது கூடாரம் உள்ளே நனைந்து கிடப்பதும், தலைவலியோடு இரவைக் கழிப்பதும் வேறு வேறு துன்பங்களாகத் தோன்றினாலும் அவற்றுக்குக் காரணம் இந்த அவசரமே.

முதலில் உயரத்தைப் பேசிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடை தொடங்கும் சோனமார்க்கே அதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. விஷன்சர் ஏறத்தாழ 3,700 மீட்டர். அதை அடையக் கடக்கும் நிச்சினாய் கணவாய் 4,000 மீட்டருக்கும் மேல். உதகையில் மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து இந்த உயரத்தைக் கணக்கிடக் கூடாது. விஷன்சரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சென்னையிலிருந்து விமானத்தில் ஸ்ரீநகர், மறுநாள் சோனமார்க், அதற்கு மறுநாள் மலையேற்றம் என்று திட்டமிடுவது பெருந்தவறு. சோனமார்க்கில் இரண்டு இரவாவது தங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். ‘காலையில் ஒருமுறை தூண்டில் போட்டுவிட்டு இறங்கலாம்’ என்று காத்திருக்கும் சில மணி நேரம் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

அடுத்தது கூடாரம். கதவைத் திறந்தால் நீலத் தண்ணீர் தெரிய வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இரவில் குளிர்காற்று சரிவுகளில் வழிந்து ஏரி இருக்கும் பள்ளத்தில்தான் தேங்கும். கரையோர ஈரமும் சேர்ந்துகொள்ள, மூச்சுக்காற்றின் நீராவி துணியில் படிந்து சொட்டும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளையும் மூடிவிட்டால் ஸ்லீப்பிங் பேக்கே நனைந்துவிடும். கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, சற்றே மேடான, காய்ந்த தரையைத் தேடுங்கள். கழிப்பிடத்துக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் இதே தூரம் பொருந்தும். சோப்பு இயற்கையானது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஏரியில் கலக்க அது உரிமம் ஆகாது. கோடையில் இந்தப் புல்வெளிகளில் ஆடு மேய்க்கும் குஜ்ஜர், பக்கர்வால் குடும்பங்களுக்கு எந்த இடத்தில் காற்று அடிக்கும், எங்கே மழைநீர் பாயும் என்பது தெரியும். கூடாரம் அடிக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அவர்களுடைய காவல் நாய்களிடம் மட்டும் நெருங்க வேண்டாம்.

சமையலில் நம்மவர்கள் தவறாமல் ஏமாறுவது சோற்றில். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் வேகாமலே நிற்கும், எரிவாயுதான் தீரும். சிறிய குக்கர் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அவல், ரவை என்று மாறிக்கொள்ளுங்கள். குடிநீரை மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள், எனவே ஸ்ரீநகரில் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் வேலை செய்யாது. புரொப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்கி, இரவில் உடையோடு சுற்றிப் படுக்கையருகே வையுங்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். விறகுக்காகக் கரையோரச் செடிகளை வெட்டுவது எனக்குப் பொறுக்காத செயல். மரங்கள் வளரக்கூடிய உயர எல்லைக்கு மேலே, ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே வளர முடிகிற புதர்கள் அவை.

இனி மீன். இந்த ஏரிகளின் பழுப்பு டிரவுட் இங்கேயே தோன்றியதல்ல. 1900 வாக்கில் பிரிட்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த முட்டைகளிலிருந்து காஷ்மீர் நீர்நிலைகளில் பரவிய இனம். ஏரிக்கு வந்ததும் பலரும் நேராகக் கரை விளிம்புக்கு நடந்து, எட்டிய மட்டும் நடுவே வீசுகிறார்கள். மீனோ அவர்கள் காலடியில் இருந்திருக்கும்! இரை மிகுதியாகக் கிடைப்பது ஆழம் குறைந்த ஓரத்தில்தான். ஓடை வந்து சேரும் வாய், தண்ணீர் வெளியேறும் வாய், வெளிறிய பச்சை சட்டென்று கருநீலமாக மாறும் ஆழக்கோடு ஆகிய இடங்களைத்தான் டிரவுட் சுற்றிவரும். நீருக்கு மேலுள்ள உலகம் மீனுக்குத் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னல் போலத்தான் தெரியும். குனிந்து தள்ளி இருப்பவர் அதன் விளிம்பில் மங்கிப்போவார். எழுந்து நிற்பவர் முழு உருவமாகத் தெரிவார். ஆகவே பத்தடி பின்னால் மண்டியிட்டு, முதல் வீச்சைக் கரைக்கு இணையாகப் போடுங்கள். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். கல்லைப் புரட்டி ஓசை எழுப்பினால் அதன் அதிர்வையும் மீன் உணரும்.

காற்று முதுகில் அடிக்கும்படி நின்றால் வீசுவது எளிது. அதனால் எல்லோரும் அந்தக் கரையையே தேர்கிறார்கள். காற்று அடித்துச்செல்லும் பூச்சிகள் ஒதுங்குவதோ எதிர்க்கரையில். சிரமம் பார்க்காமல் அங்கே போனால் பலன் உண்டு. கண்ணாடி போன்ற நீரில் தடித்த தூண்டில் நரம்பு வேலைக்காகாது, மெல்லியது வேண்டும். நேரம் விடியலும் மாலையும். பிற்பகலில் மேகம் திரண்டு இடி கேட்டால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுத் திறந்த கரையை விட்டு விலகுங்கள். இன்றைய கோல்களில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. எந்தப் பகுதிக்கு, எந்த வகை இரைக்கு, எத்தனை மீனுக்கு என்பதை ஸ்ரீநகரிலேயே கேட்டுத் தெளிந்துகொண்டு புறப்படுங்கள். மேலே போனபின் கேட்க அலுவலகம் இல்லை.

அனுமதித்த அளவை நிரப்பியே தீர வேண்டும் என்று நினைப்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டி மூடிக் கிடக்கும் ஏரியில் இரை குறைவு, வளர்ச்சி மெதுவானது. கையளவு மீனுக்கே சில வயது ஆகியிருக்கலாம். இரவு உணவுக்கு ஒன்றிரண்டு எடுத்தால் தாராளம். மற்றவற்றை விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்க்கூரைக் குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள், உலர்ந்த கை அதன் மேல்தோல் வழவழப்பை உரித்துவிடும். படம் எடுப்பதற்காகப் புல்லில் கிடத்தாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தானாக வாலசைத்துப் போகும்வரை நிமிர்த்திப் பிடியுங்கள். செப்டம்பரின் பின்பகுதியில் ஓடைவாய்க் கூழாங்கல் பரப்புகளில் நடக்கவே வேண்டாம். பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்தில் முட்டையிடுவது அங்கேதான்.

சுத்தம் செய்த குடலை ஏரியில் எறிவது பரவலான பழக்கம். அந்தக் குளிரில் அது அழுகித் தீர நெடுநாள் ஆகும், அடுத்து வருபவர் அதே நீரைத்தான் குடிக்கிறார். கூடாரத்தருகே போட்டால் நாய்களும், இம்மலைகளில் திரியும் பழுப்புக் கரடியும் மோப்பம் பிடித்து வரலாம். நீரிலிருந்தும் படுக்கையிலிருந்தும் வெகுதூரம் கொண்டுபோய் ஆழப் புதையுங்கள். மீன் வாடை பட்ட உடையையும் பாத்திரத்தையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.