வாழையில் நூற்புழு: பூஞ்சையை நம்பி இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் விடிகாலையில் சுமத்ரா காற்று (சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று) அடித்து ஓய்ந்ததும், சமூகத் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை ஒன்று சாய்ந்து கிடந்தால் எல்லாரும் காற்றைத்தான் திட்டுவோம். மரம் வேரோடு பெயர்ந்திருந்தால், ஒரு வேரை எடுத்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதை செம்பழுப்பாக இருந்தால், வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிழங்கைக் குடைந்திருந்தால் அது கூன்வண்டு. வேரைப் பார்க்காமலே, நூற்புழுவைத் தாக்கும் பூஞ்சைத் தூள் பொட்டலத்தை வாங்குவது வீண் செலவு.

இதைவிடப் பெரிய தவறு, புழு உள்ள பக்கக்கன்றை அப்படியே நட்டுவிட்டு மேலே பூஞ்சையைத் தூவுவது. கடைகளில் கிடைக்கும் பர்ப்யூரியோசில்லியம் லிலாசினம் (பழைய பெயர் பேசிலோமைசிஸ்) முக்கியமாக முட்டைகளையும், நகராமல் ஓரிடத்தில் தங்கிவிடும் பெண் புழுக்களையும்தான் தாக்கும். அதனால் வேர்முடிச்சு நூற்புழுவிடம் அதற்கு நல்ல பிடி உண்டு. வாழையை அதிகம் சாய்ப்பதோ துளைக்கும் நூற்புழு. அது வேருக்குள்ளேயே முட்டையிட்டு, உள்ளேயே பெருகும். அங்கே போய்ப் பிடிப்பது பூஞ்சைக்குக் கஷ்டம்.

ஆகவே கன்றிலிருந்தே தொடங்குங்கள். வேர்களை எல்லாம் நறுக்கி, பழுப்புத் திட்டு ஒன்றுகூட மிஞ்சாமல் வெள்ளைச் சதை தெரியும்வரை கிழங்கைச் சீவுங்கள். 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் இன்னும் நல்லது. கை பொறுக்கும் சூடு போதாது, வெப்பமானி வேண்டும். திசு வளர்ப்புக் கன்று கிடைத்தால் இந்த வேலையே இல்லை. அப்புறம் பூஞ்சையை மக்கிய உரத்தோடும் வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து நடும் குழியிலேயே போடுங்கள். புது வேர் விடும்போதே அது அங்கே இருக்க வேண்டும்.

பூஞ்சைக்கு உயிர் உண்டு என்பதை மறந்தால் பணம் போச்சு. இலைப்புள்ளி நோய்க்கு வாங்கிய கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை அதே வாரம் வேரில் ஊற்றினால் இந்தப் பூஞ்சையும் செத்துப்போகும். வெயில் படும் தாழ்வாரத்தில் பொட்டலத்தை வைக்காதீர்கள்; உச்சி வெயிலில் வெறும் மண்ணில் தூவாதீர்கள். மாலையில் ஈர மண்ணில் போட்டு, காய்ந்த வாழை இலையால் மூடுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் முதலில் வடிகால். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஒருமுறை போட்டதோடு விட்டுவிடவும் கூடாது. உறையில் சொன்ன இடைவெளியில் திரும்பப் போடுங்கள்.

ஊரிலிருந்து கன்றோ மண்ணோ பூஞ்சைத் தூளோ பெட்டியில் கொண்டுவர நினைப்பவர்கள், முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிடுங்கள். தூளைக் கலக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். அரிதாக என்றாலும் இந்தப் பூஞ்சை கண்ணில் தொற்றியதுண்டு. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.