ஒரே தண்ணீர், ஐந்து ரீடிங்: டைட்ரேஷனில் ப்ரிசிஷன் பார்ப்பது எப்படி?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை நாலு நாள் தொடர்ந்து காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் செதில் கட்டிவிடும். அதனாலோ என்னவோ, பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி ப்ராஜெக்ட் என்றதும் பிள்ளைகள் முதலில் எடுப்பது தண்ணீரின் கடினத்தன்மைதான். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலை, பியூரெட் என்ற கோடு போட்ட குழாயிலிருந்து தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை மி.லி. செலவாகிறது என்று பார்ப்பதுதான் டைட்ரேஷன். அந்த மி.லி.தான் ரீடிங். "அண்ணா, ரீடிங் எல்லாம் எடுத்தாச்சுங்க. ப்ரிசிஷன் எப்படிங்க காட்டறது?" என்று கடைசி வாரத்தில் வந்து நிற்பார்கள்.

துல்லியம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். விடை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. திரும்பத் திரும்பச் செய்த விடைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றனவா என்பது இன்னொன்று, அதுதான் ப்ரிசிஷன். ஈ.டி.டி.ஏ. கரைசலைத் தப்பான செறிவில் கலக்கிவிட்டால் ஐந்து ரீடிங்கும் அழகாக ஒத்துப்போகும், ஐந்துமே தப்பாக இருக்கும்.

கரைசல் தயாரிப்பு, பஃபர் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), நிறங்காட்டி எல்லாம் உங்கள் ரெக்கார்டில் இருக்கும், அதற்குள் போகவில்லை. பியூரெட் மட்டும் அடியில் டெஃப்லான் திருகு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடித் திருகில் கிரீஸ் தடவி, அது ஓட்டையை அடைத்து, ஊசியால் குத்தி... வேண்டாம்.

முதல் படி: ஐந்து கூம்புக்குடுவைகளில் தனித்தனியாக 50 மி.லி. தண்ணீரைப் பிப்பெட்டால் அளந்து விடுங்கள். முடிந்த குடுவையிலேயே இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தொடர்வது மறுமுறை ஆகாது. ஒவ்வொன்றுக்கும் புதுத் தண்ணீர், புது பஃபர், புது நிறங்காட்டி. பியூரெட்டின் மேல் வைத்த புனலை எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு சொட்டு விழுந்தால் உங்களுக்கே தெரியாது.

இரண்டாவது படி ரீடிங் எடுப்பது, அதில்தான் நான் மாட்டினேன். இரண்டாம் ஆண்டில் 21.5, 21.5, 21.5 என்று மூன்று ரீடிங் எழுதி டீச்சரிடம் பெருமையாக நீட்டினேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத்தாளைச் சுருட்டி, பியூரெட்டில் எண்கள் இருக்கும் இடத்தை மூடி, "இப்பச் செய்" என்றார். வந்தது 21.75. அடுத்தது 21.3. நான் பொய் எழுதவில்லை. 21 தாண்டியதும் கண் குடுவையை விட்டுவிட்டு எண்ணையே பார்த்திருக்கிறது, 21.5 வந்ததும் கை தானாக நின்றிருக்கிறது. ஒயின் சிவப்பு நீலமாகும் முன் நடுவில் ஒரு ஊதா வருமே, அதை ஒரு தடவை "முடிந்தது" என்றும், இன்னொரு தடவை "இன்னும் இல்லை" என்றும் என் வசதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் தாளைச் சுற்றிவிட்டுச் செய்யுங்கள். சிவப்பின் சாயல் துளியும் இல்லாத நீலம் வந்தபின் நிறுத்தி, தாளைக் கழற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். பியூரெட்டில் கோடு 0.1 மி.லி.க்கு ஒன்று, இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் 0.05 என்று எழுதலாம். அடுத்தவற்றின் நிறத்தை ஒப்பிட, முடிந்த முதல் குடுவையைக் கொட்டாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. போன மாதம் எனக்கு வந்தவை 21.40, 21.55, 21.45, 21.50, 21.60. சராசரி 21.50. சராசரியிலிருந்து ஒவ்வொன்றின் விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.025. இதை 5 ஆல் அல்ல, 4 ஆல் வகுக்க வேண்டும். சராசரியையும் இதே ஐந்திலிருந்துதான் எடுத்தோம். விலகல்களின் கூட்டல் எப்போதும் சுழியம் என்பதால் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும். 4 ஆல் வகுத்தால் 0.00625, அதன் வர்க்கமூலம் 0.079 மி.லி. இதுதான் திட்ட விலக்கம். கேஸியோ கால்குலேட்டரில் சிக்மா எக்ஸை அழுத்தாதீர்கள், அது 5 ஆல் வகுத்து 0.071 என்று காட்டும். எஸ் எக்ஸ்தான் நமக்கு வேண்டியது.

0.079 ஐ 21.50 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 0.37 சதவீதம். கையால் செய்யும் டைட்ரேஷனில் ஒரு சதவீதத்துக்குள் வந்தாலே நான் திருப்திப்படுவேன். ஈ.டி.டி.ஏ. 0.01 மோலார் என்றால் ரீடிங்கை 20 ஆல் பெருக்கினால் கடினத்தன்மை வரும், கால்சியம் கார்பனேட் கணக்கில்: லிட்டருக்கு 430 மி.கி., திட்ட விலக்கம் 1.6. இந்தியத் தரநிலை 10500 குடிநீருக்கு 200 ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 ஐ உச்சமாகவும் வைக்கிறது. 430க்கு இதனால் ஒன்றும் மாறாது. ஆனால் ஒரு கிணறு 595 என்று வந்தால், விலக்கம் 2 ஆ 20 ஆ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பிற்சேர்க்கை 1: ஒரு ரீடிங் மட்டும் 21.95 என்று துள்ளினால் அடித்துவிடலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். மனம்போல அடிக்கக் கூடாது, துள்ளிய ரீடிங்கை விலக்கலாமா என்று சொல்லும் க்யூ டெஸ்ட் போடுங்கள். அவருடைய மற்ற நான்கு 21.40, 21.45, 21.50, 21.55. பக்கத்து எண்ணோடு இடைவெளி 0.40, மொத்த வீச்சு 0.55, வகுத்தால் 0.73. ஐந்து ரீடிங்குக்கு 90 சதவீத நம்பிக்கையில் எல்லை 0.642. தாண்டிவிட்டது, விலக்கலாம். ஒரு தொகுப்பில் ஒருமுறைதான். அடித்ததையும் ரெக்கார்டில் எழுதி வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஒருவருக்கு அதே பாட்டில் தண்ணீர் ஒரு வாரம் கழித்து 20.8க்கு இறங்கிவிட்டதாம். அது ப்ரிசிஷன் கோளாறு இல்லை. திறந்து வைத்த தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டாக அடியில் படிந்துவிடும். பாட்டிலின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், நெறுநெறுவென்று இருக்கும். வாய்வரை நிரப்பி மூடிவைத்து, ஐந்தையும் ஒரே நாளில் முடியுங்கள்.