விரல் கணுவில் பன்னிரண்டு, கூழாங்கல்லில் அறுபது

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது பத்துப் பத்தாக எண்ணினால், நடுவே யாராவது பேச்சுக் கொடுத்ததும் கணக்கு விட்டுப்போகும். பன்னிரண்டின் கணக்கு கையிலேயே நிற்கும்.

வலது கட்டைவிரலால் எண்ணுங்கள். சுண்டுவிரலின் அடிக்கணு 1, நடு 2, நுனி 3. மோதிரவிரல் 4 முதல் 6, நடுவிரல் 7 முதல் 9, ஆள்காட்டி 10 முதல் 12. மூட்டை இறங்க இறங்க ஒரு கணு.

12-ஐத் தொட்டதும் இடது கையில் ஒரு விரலை மடக்கி, கட்டைவிரலை உடனே எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் தவறு இங்கேதான். விரலை மடக்கிய பிறகும் கட்டைவிரல் ஆள்காட்டி நுனியிலேயே இருந்தால், திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பன்னிரண்டு இரண்டு முறை சேரும். இருந்ததைவிட 12 மூட்டை கூடுதலாக வரும்.

இடது கையின் ஐந்து விரலும் மடங்கினால் 60. சட்டைப்பையில் ஒரு கூழாங்கல் போட்டு, ஐந்தையும் நீட்டிவிடுங்கள்.

கூட்டும் விதம்: ஒரு கல், மூன்று விரல், நடுவிரலின் நடுக்கணு. 60 + 36 + 8 = 104.

12-ஐ 2, 3, 4, 6 நான்காலும் மீதியின்றி வகுக்கலாம். 10-ஐ மூன்றாலும் நான்காலும் வகுத்தால் மீதி வரும். சரக்கை மூன்று கடைக்குப் பிரிக்கையில் இந்த வித்தியாசம் தெரியும். பழைய மெசபடோமியர் 60-ஐ அடிப்படையாக வைத்து எழுதினார்கள். மணிக்கு 60 நிமிடம் அந்த வழிதான்.

தாளில் குறிக்கும்போது மட்டும் பத்தின் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். மூன்று விரல், எட்டாம் கணு என்பதை "மூன்று எட்டு" என்று சுருக்கினால், பார்ப்பவர் 44 மூட்டையை 38 என்று படித்துவிடுவார்.