டிசம்பரில் மிளகாய் அரைக்காதீர்கள்

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் அரைத்து வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஈரோட்டுப் பக்கம் அப்போது கார்த்திகை மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். பின்னாலேயே மார்கழிப் பனி. வருடத்துக்கான மிளகாய் பங்குனி, சித்திரை வெயிலில் காய வேண்டியது. உலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் ஈரம் போகவில்லை.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். மெல்போர்னில் இருக்கும் தன் மகனுக்கும் சேர்த்து நான்தான் கொண்டுபோக வேண்டும் என்று போய் இறங்கிய அன்றே சொல்லிவிட்டார். "ஒரே ஊரில் இருக்கிறீர்கள், இதுகூடச் செய்யமாட்டாயா கண்ணு?" மூட்டுவலியோடு மொட்டைமாடி ஏறி, மேகம் கறுத்தபோதெல்லாம் மிளகாயை அள்ளினார். நான் அள்ளப் போனால் விரட்டினார். அரைவை மில்லிலிருந்து வரும் பொடி கைபொறுக்காத சூட்டில் இருக்கும். துணியில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். அத்தையோ மழைக்குப் பயந்து, சூட்டோடு பையில் அடைத்து வாயை ஒட்டிவிட்டார்.

மெல்போர்னில் இறங்கும்போது உணவுப்பொருளை அறிவித்தே ஆக வேண்டும்; மறைத்தால் அபராதம். அறிவித்தேன். அதிகாரி பையைப் பிரித்தார். பொடி கட்டி தட்டி, கட்டியைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை. இரண்டு வீட்டுப் பங்கும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. "காரம் போதுமா?" என்று அத்தை தொலைபேசியில் கேட்கிறார். போதும் என்கிறேன். ஊரோடு இருந்திருந்தால் சித்திரையில் நானே காயவைத்துக் கொடுத்திருப்பேன்.

கடையில் அடைத்து, பெயர் அச்சிட்ட பொட்டலங்களாக வாங்குங்கள். முழு மிளகு, சீரகம், மல்லி இரண்டு வருடமானாலும் மணம் காக்கும். அரைத்தால் ஆறு மாதத்தில் சாரம் போய்விடும். எங்கள் பக்கத்துச் செலவு ரசத்துக்கு (செலவு என்றால் மசாலாச் சாமான்) அன்றன்று இடிப்பதுதான் சுவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளையும் விரலாக வாங்கலாம். பொடியின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். கொப்பரையைக் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கிளம்புமுன் பெற்றோரின் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பின்வரிசை டப்பாக்களில் இருப்பதெல்லாம் பிள்ளைகள் வந்தால் ஆகும் என்று எடுத்துவைத்த பழைய பொடிகள். வண்டு வைத்ததைக் கொட்டிவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கு ஆகிற அளவு மட்டும் நிரப்புங்கள். புளி கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். கொட்டை எடுத்து, கல் உப்புச் சேர்த்து வைத்த பழம்புளி நல்லதுதான். கல் உப்பு கெடாது, ஆனால் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்விடும். அயோடின் உப்பில் ஈரத்தாலும் சூட்டாலும் அயோடின் குறையும். அதைச் சிறு பொட்டலமாக வாங்கி, மூடியுள்ள பீங்கான் ஜாடியில் கொட்டி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்; எவர்சில்வர் டப்பா வேண்டாம், நாளடைவில் உப்பு அரித்துவிடும்.