வியர்க்காத குழந்தை விளையாடப் போகும்போது

ஹைப்போஹைட்ரோடிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்னும் குறைபாடு உள்ள குழந்தைக்கு வியர்வைச் சுரப்பிகள் பிறவியிலேயே மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. ஓடினால் தசையில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். தோலில் வராத ஈரத்தை நாம் வெளியிலிருந்து கொடுத்தால் விளையாடலாம்.

“நிறைய தண்ணி குடிக்க வை” என்று எல்லோரும் சொல்வார்கள். குடிக்கட்டும், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. 25 கிலோ எடையுள்ள குழந்தை 200 மில்லி ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் உடல் சூடு கால் டிகிரிதான் இறங்கும். அதே குழந்தையின் தோலிலிருந்து வெறும் 40 மில்லி தண்ணீர் ஆவியானால், கணக்குப்படி ஒரு டிகிரியே இறங்கும்.

ஆகவே விளையாடப் போகுமுன் பருத்தி பனியனை நனைத்து, லேசாகப் பிழிந்து போட்டுவிடுங்கள். அதன்மேல் சீருடைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டினால் காற்றுப் படாது. ஈரம் உள்ளேயே வெதுவெதுப்பாகி, பயனில்லாமல் போகும். பலரும் தவறுவது இங்கேதான். தலை, கழுத்து, கைகளுக்கு ஸ்பிரே பாட்டில். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது என்பதால் மின்விசிறி கட்டாயம் வேண்டும், ஆட்ட நேரத்தையும் குறைக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பிறகோ விளையாடட்டும். முதலில் 10 நிமிடம் ஆட்டம், 10 நிமிடம் நிழலில் ஓய்வு என்று தொடங்கி, குழந்தை தாங்குவதைப் பார்த்துக் கூட்டலாம். நீச்சல் மிக நல்லது, குளத்து நீர் வெதுவெதுப்பாக இல்லாதவரை. பி.டி. சாரிடம் ஒன்றை எழுதியே கொடுங்கள்: இவன் கேட்காமலே தண்ணீர்க் குழாய்க்குப் போகலாம், ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தலாம். விளையாட்டு மும்முரத்தில் குழந்தை தானாகச் சொல்லாது, கூட இருக்கும் பெரியவர்தான் கவனிக்க வேண்டும்.

முகம் சிவந்து, தோல் காய்ந்து கொதித்து, காரணமில்லாமல் எரிச்சல்பட்டாலோ, தலைவலி, குமட்டல், சோர்வு வந்தாலோ உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். சுயநினைவு சரியாக இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. அது காய்ச்சலுக்கான மருந்து. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கும் நோய்த்தொற்றுக் காய்ச்சல் வரும். குளிர்ந்த அறையில் அரை மணி நேரம் ஈரத்துணியோடு வைத்தும் சூடு இறங்கவில்லை என்றால் வெயில்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிராமேட், சோனிசமைடு போன்றவை இருக்கிற கொஞ்சநஞ்ச வியர்வையையும் குறைக்கும். புது மருந்து எழுதும்போதெல்லாம் இந்தக் குறைபாட்டைச் சொல்லிவிடுங்கள்.