ஊர்ப் பள்ளியை யார் நடத்துகிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது: ஒஹாயோ சிற்றூர்களில் குடியேறியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேலைக்காகப் பெருநகரத்தை விட்டுச் சிற்றூர்ப் பக்கம் போகும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஒருவர் ஊர் மருத்துவமனையில் டாக்டராக இருப்பார், இன்னொருவர் கார் ஆலையில் பொறியாளராக இருப்பார். பிள்ளைகளை அங்கே இருக்கும் ஒரே பொதுப் பள்ளியில் சேர்ப்பார்கள். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் பிள்ளைகள் தேறாத ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அது. திடீரென ஒரு நாள் வீட்டுக்குக் கடிதம் வரும்: அடுத்த ஆண்டு முதல் இசை ஆசிரியர் இல்லை, இரண்டு பஸ் தடங்கள் ஒன்றாகின்றன.

கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தவறான ஆளிடம், தவறான மாதத்தில், தவறான கணக்கோடு போய் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லாமல் போகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும் என்பதால் இங்கே ஒஹாயோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே 600-க்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன; நிறைய சின்னவை.

கல்வித் துறை எங்கோ மேலே இருக்கிறது என்று நினைப்பது

நம் ஊரில் அரசுப் பள்ளி என்றால் சென்னையில் ஒரு துறை, மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், மேலிருந்து வரும் உத்தரவு. அந்தப் பழக்கத்தில் பலர் இங்கேயும் மேயரிடமோ, நம் மாவட்டம் போன்ற கவுன்டியின் அலுவலகத்திலோ போய்க் கேட்கிறார்கள். பள்ளியை நடத்துவதில் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பதே தனி அரசு அமைப்பு. அதற்கென்று எல்லை உண்டு, மக்களிடம் வரி கேட்கும் அதிகாரம் உண்டு, கடன் வாங்கும் அதிகாரமும் உண்டு. அந்த எல்லை நகர எல்லையோடு பொருந்த வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துத் தெருக்காரர் வேறு டிஸ்ட்ரிக்டில் இருக்கலாம்.

அதை ஆள்வது ஸ்கூல் போர்டு. சின்ன டிஸ்ட்ரிக்டில் ஐந்து பேர். ஒற்றைப்படை ஆண்டுகளில் நவம்பரில், கட்சிச் சின்னம் இல்லாமல், நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். விவசாயி, செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று உள்ளூர் ஆட்கள்தான். இவர்கள் பள்ளியை அன்றாடம் நடத்துவதில்லை. அதற்கு சூப்பரின்டென்டன்ட் ஒருவரை ஒப்பந்தத்தில் வைக்கிறார்கள்.

ஒஹாயோவில் ஒரு விசேஷம் உண்டு. கணக்கைப் பார்க்கும் ட்ரெஷரர் சூப்பரின்டென்டன்ட்டுக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல; அவரையும் போர்டுதான் நேரடியாக நியமிக்கிறது. ஆகவே காசு பற்றிய கேள்வியோடு பள்ளி முதல்வரிடம் போவதில் அர்த்தமில்லை. ட்ரெஷரரிடம் போங்கள். சின்ன ஊரில் அவர் அநேகமாக தானே போனை எடுப்பார்.

இன்னொன்று, தெரிந்த போர்டு உறுப்பினர் ஒருவரைக் கடையில் மடக்கி, “நீங்க பார்த்துச் செய்யுங்க” என்று சொல்வது. அவர் தனியாக எதையும் செய்ய முடியாது. கூட்டம் கூட்டி, பெரும்பான்மை வாக்கு விழுந்தால்தான் அது முடிவு. அந்தக் கூட்டம் திறந்த கதவோடு நடக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பணி நியமனம், வழக்கு, நிலம் வாங்குவது, சங்கத்தோடு பேச்சுவார்த்தை போன்ற சிலவற்றுக்கு மட்டும் உள்ளே போய்ப் பேசலாம். வாக்கெடுப்புக்கு வெளியே வந்தாக வேண்டும். உள்ளே போனாலே சதி என்று முகநூலில் எழுதுவது அநியாயம்.

வீட்டு விலை ஏறினால் பள்ளிக்கும் காசு ஏறும் என்று கணக்குப் போடுவது

இதுதான் மிகப் பெரிய தவறு. படித்தவர்கள், நம்பர்களோடு வேலை செய்பவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒஹாயோவில் வீட்டின் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் சொத்து வரி. 1,00,000 டாலர் வீடு என்றால் வரிக்கு உரிய மதிப்பு 35,000. வரியை மில் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில் என்றால் ஆயிரத்துக்கு ஒரு டாலர். பள்ளிக்காக மக்கள் வாக்களித்து ஏற்கும் வரிக்கு லெவி என்று பெயர். மக்கள் 5 மில் லெவிக்கு வாக்களித்தால், தள்ளுபடிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர் ஆண்டுக்கு 175 டாலர் கட்டுகிறார்.

சில ஆண்டுகள் கழித்து கவுன்டி ஆடிட்டர் மறுமதிப்பீடு செய்கிறார். ஊர் முழுக்க விலை ஏறி, அதே வீடு இப்போது 1,50,000. வரிக்கு உரிய மதிப்பு 52,500. அப்படியானால் 5 மில்லுக்கு 262.50 டாலர் வர வேண்டுமே? வராது. 1976-இல் வந்த ஹவுஸ் பில் 920 என்ற சட்டம், மதிப்பு ஏறும் அளவுக்கு வரி வீதத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. 5 மில் என்று வாக்களித்தது நடைமுறையில் 3.33 மில் ஆகிறது. வீட்டுக்காரர் கட்டுவது மறுபடியும் அதே 175. பள்ளிக்குக் கிடைப்பதும் பழைய தொகையேதான். டீசல் விலையும் மருத்துவக் காப்பீடும் சம்பளமும் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு விலக்குகள் உண்டு. வாக்கெடுப்பு இல்லாமல் விதிக்கக்கூடிய 10 மில்லில் பள்ளிக்கு வரும் பங்கு மதிப்போடு சேர்ந்து ஏறி வந்தது. 20 மில் என்று ஒரு தரையும் இருக்கிறது. வீதம் அதைத் தொட்டுவிட்டால் மேற்கொண்டு இறங்காது. கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்கள் பல அந்தத் தரையில்தான் நிற்கின்றன. அங்கே மறுமதிப்பீடு வரும்போது வரி நிஜமாகவே ஏறி வந்தது. இந்த இரண்டு ஏற்றத்துக்கும் 2025 இறுதியில் வந்த சட்டங்கள் பணவீக்க அளவில் வரம்பு வைத்தன. இந்த விதியைச் சட்டமன்றம் திருத்திக்கொண்டே இருப்பதால், “நாம் தரையில் இருக்கிறோமா, இல்லையா?” என்பதை முதலில் ட்ரெஷரரிடம் கேளுங்கள். அது தெரியாமல் வரியைப் பற்றி வாதம் செய்யவே முடியாது.

அடுத்த அடி மாநிலத்திடமிருந்து வருகிறது. மாநில நிதி கொடுக்கும் சூத்திரம், ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் பங்குக்கு எவ்வளவு திரட்ட முடியும் என்று பார்க்கிறது. 2021-இல் கொண்டுவந்த திட்டத்தில் சொத்து மதிப்புக்கு 60 சதவீதம், மக்களின் வருமானத்துக்கு 40 சதவீதம் எடை. நிலத்தின் மதிப்பு ஏறினால் சூத்திரத்தின் பார்வையில் அந்த ஊர் பணக்கார ஊர். அதனால் மாநிலத்தின் பங்கு குறையப் பார்க்கும். ஆனால் 920 சட்டத்தால் உள்ளூர் வரி அதற்கு ஈடாக ஏறியிருக்காது. கையில் இல்லாத காசு இருப்பதாகக் கணக்கில் நிற்கிறது. “பண்ணை நிலமெல்லாம் இப்படி விலை போகுதே, பள்ளிக்கு ஏன் காசில்லை?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். போதாக்குறைக்கு, விவசாய நிலத்தை விற்பனை விலையில் அல்ல, விளைச்சல் வருமானத்தை ஒட்டித்தான் வரிக்கு மதிப்பிடுகிறார்கள்.

இந்த அநீதியைச் சின்ன ஊர்கள் சும்மா விடவில்லை. பெரி கவுன்டியில் ஒரு கிராமப்புற டிஸ்ட்ரிக்டில் படித்த மாணவர் பெயரில் தொடங்கிய டிரால்ஃப் வழக்கில், சொத்து வரியை இவ்வளவு நம்பியிருக்கும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. 2002 வரை மறுபடியும் மறுபடியும் அந்த வழக்கில் தீர்ப்புகள் வந்தன. மேலே சொன்ன 2021 திட்டம் வர அதற்குப் பிறகும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

வாக்குச்சீட்டில் “லெவி” என்ற சொல்லை மட்டும் பார்ப்பது

“மறுபடியும் வரியா?” என்று பலர் எதிராகக் குத்துவது ரினீவல் லெவிக்கு. அது புதிய வரி அல்ல. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பதன் தொடர்ச்சி. தோற்றால் பள்ளிக்குப் புதிதாக ஒன்று கிடைக்காமல் போகிறது என்பதல்ல, இருப்பதே நின்றுபோகும். அடிஷனல் என்று போட்டிருந்தால்தான் புதிய சுமை. 1,00,000 டாலர் மதிப்புக்கு எவ்வளவு என்பதை இப்போது வாக்குச்சீட்டிலேயே அச்சிடுகிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். அது அவரவர் உரிமை.

எல்லாப் பணமும் ஒரே பெட்டியில் இருப்பதாக எண்ணுவது

“புதுக் கட்டடம் கட்ட காசிருக்கு, டீச்சருக்கு இல்லையா?” என்ற கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கலாம். கட்டடத்துக்கு பாண்ட் மூலம் வாங்கிய கடனில் ஒரு டாலரைக்கூடச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஏழை டிஸ்ட்ரிக்ட் கட்டடம் கட்டினால் மாநிலம் பெரும் பங்கு தருகிறது. அந்தப் பணமும் கட்டடத்துக்கு மட்டுமே.

வாஷிங்டனிலிருந்து வருவது நாடு முழுவதும் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் ஒன், மதிய உணவு, சிறப்புக் கல்வி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு நாடு சராசரியாகச் செலவிடும் தொகையில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-இல் சட்டம் சொன்னது. பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதிகூட வருவதில்லை. மீதியை ஊர்தான் சுமக்கிறது. 600-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள கிராமப்புற டிஸ்ட்ரிக்ட்களுக்கென்று சின்னதாக ஒரு கூட்டாட்சி நிதி இருக்கிறது. அதன் சிறப்பே, கட்டுப்பாடு குறைவு, தேவைக்கு ஏற்ப மாற்றிச் செலவழிக்கலாம் என்பதுதான்.

அப்புறம் லாட்டரி. லாட்டரி லாபம் கல்விக்கே என்று 1987-இல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தில் சேர்த்தது உண்மை. ஆனால் மாநிலம் பள்ளிகளுக்குச் செலவிடுவதில் அது சிறு பகுதி. உங்கள் ஊருக்கு வரும் மாநில நிதிக்குள்ளேயே அது கலந்து வருகிறது. தனிக் காசோலையாக வருவதில்லை.

பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறையும் என்பது

ஓர் ஆண்டில் பதின்மூன்று பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்கள் என்று வையுங்கள். அவர்கள் ஒரே வகுப்பில் இருந்து போவதில்லை. வகுப்புக்கு ஒருவராகப் போவார்கள். ஒரு ஆசிரியரையும் குறைக்க முடியாது. பஸ் அதே மண்சாலையில் அதே தூரம் ஓடும். ஹீட்டர் அதே கட்டடத்தைச் சூடாக்கும். ஆனால் மாநில நிதி தலைக்கணக்கில் வருகிறது. எட்டாம் வகுப்பு வரை இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளை ஏற்றி வருவது சட்டக் கடமை என்பதால் பஸ்ஸை நினைத்தபடி நிறுத்தவும் முடியாது. கடைசியில் கத்தி விழுவது இசை, ஓவியம், நூலகம் போன்ற, சட்டம் காப்பாற்றாத இடங்களில்தான்.

கடிதம் வந்த பிறகு கூட்டத்துக்குப் போவது

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் ஆசிரியருக்கு ஜூன் 1-க்குள் சொல்லியாக வேண்டும். ஆகவே யார் இருப்பார், யார் போவார் என்ற பேச்சு பிப்ரவரி, மார்ச்சிலேயே நடந்துவிடும். மே மாதக் கூட்டத்தில் அரங்கம் நிரம்பி என்ன பயன்? லெவியும் அப்படித்தான். தேர்தலுக்கு 90 நாட்களுக்கு முன்பே போர்டு தீர்மானம் நிறைவேற்றித் தாக்கல் செய்ய வேண்டும். நவம்பர் லெவி பற்றி ஏதாவது சொல்வதாக இருந்தால் ஜூனில் சொல்லுங்கள். நவம்பரில் ஜெயித்தாலும் காசு அடுத்த ஆண்டு வரி வசூலில்தான் வரத் தொடங்கும்.

வருமான வரியில் ஒன்றை விட்டுவிடுவது

புதிதாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இதில்தான். ஒஹாயோவில் 200-க்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள், பெரும்பாலும் கிராமப்புறத்தவை, சொத்து வரியோடு தனி வருமான வரியும் வசூலிக்கின்றன. இது வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது அல்ல, குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாடகை வீட்டில் இருந்தாலும் உண்டு. வேலையில் சேரும்போது நிரப்பும் மாநிலப் படிவத்தில் டிஸ்ட்ரிக்டின் நான்கு இலக்க எண்ணை எழுதாவிட்டால் கம்பெனி பிடித்தம் செய்யாது. ஏப்ரலில் எஸ்டி 100 என்ற படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பிறகு வட்டியோடு நோட்டீஸ் வரும்.

குடியுரிமை இல்லாததால் நமக்கென்ன என்று ஒதுங்குவது

விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாக்களிக்க முடியாது. முயன்றுகூடப் பார்க்காதீர்கள், அது குற்றம். ஆனால் வரி கட்டுகிறோம், பிள்ளை அங்கே படிக்கிறது. போர்டு கூட்டத்தில் உட்கார யாருக்கும் தடையில்லை. பொதுமக்கள் பேசும் நேரம் உண்டென்றால் அந்த டிஸ்ட்ரிக்டின் விதிப்படி பெயர் கொடுத்துப் பேசலாம். அங்கேயே பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். போர்டு கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். ஆவணங்களைப் பார்ப்பதற்கும் குடியுரிமை தேவையில்லை. ஒஹாயோ சட்டப்படி யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. ட்ரெஷரர் தயாரிக்கும் வருங்கால நிதிக் கணிப்பையும், நடப்பில் உள்ள லெவிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றும் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் முதலில் கேட்டு வாங்குங்கள்.