“படத்தைப் பார்” என்று சொல்வதற்கு முன்: வாசிப்புப் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரில், மாலை வேளையில் சிறு குழந்தைகளுக்கு வாசிக்கப் பழக்கும் இளம்பெண்கள் இருவருடன் சில வாரங்களாக நானும் உட்கார்ந்து வருகிறேன். ஒருத்தி 2021இல் தமிழக அரசின் மாலைநேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராக வந்தவள். மற்றவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இருவருக்கும் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால், தொடக்கப்பள்ளி ஆசிரியையாக என் முதல் பத்து ஆண்டுகளில் நான் செய்த தவறுகளையே, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படம் கடைசி வரிசைக்கும் தெரியும்படி புத்தகத்தைப் பிடிக்க வேண்டும் என்பது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் நாளிலேயே குழந்தைகள் கூச்சலிட்டுக் கற்பித்துவிடுவார்கள்.

எழுத்தில் திணறும்போது “படத்தைப் பார்” என்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். அந்த எரிச்சலில் பாதி என் மீதானது.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ‘பாட்டி முற்றத்தில் நெல் காயவைத்தாள்’ என்ற வரியின் மேல் ஒரு மூதாட்டியின் படம் இருந்தது. அவள் ‘பாட்டி’ என்ற சொல்லின் கீழ் விரலை வைத்துக்கொண்டு, “ஆச்சி முத்தத்துல நெல்லு காயப்போடுதா” என்று கணீரென்று வாசித்தாள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பாட்டியை ஆச்சி என்றுதான் அழைப்பார்கள். பாடப்புத்தகத்தைத் தன் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோய்விட்டாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. வகுப்பையே கைதட்டச் செய்தேன். அதன் பிறகு ஆண்டு முழுவதும், அவள் ஒரு சொல்லில் நின்றபோதெல்லாம் “படத்தைப் பாரு” என்று எடுத்துக்கொடுத்தேன். அவளும் பார்த்தாள், சொன்னாள், பாராட்டு வாங்கினாள். மறு ஆண்டு, மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவளை என்னிடம் அழைத்து வந்தபோது, எளிய வரிகள் நான்கைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். அவள் வரியைப் பார்க்கவில்லை. வரிக்கு மேலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “படம் எங்க டீச்சர்?” என்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவே இல்லை. தெரிந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கியவள் நான். அதைச் சரிசெய்ய ஓராண்டின் மதிய இடைவேளைகள் அனைத்தும் தேவைப்பட்டன.

தமிழில் குழந்தைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதைக் கவனித்தால் இதன் கேடு விளங்கும். ‘தேன்’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ தகரத்துக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் எழுத்தின் இரு பக்கமும் குறிகள் நிற்கின்றன. கண் ஒரு முறை முன்னும் பின்னும் போய்வர வேண்டிய அந்த இடத்தில்தான் குழந்தை நிற்கிறது. அந்த நொடியில் தேனடையின் படத்தைக் காட்டிவிட்டால், அது கொம்பைப் பார்க்காமலேயே ‘தேன்’ என்று சொல்லித் தப்பித்துவிடுகிறது. அடுத்த வாரம் ‘தென்னை’ வரும்போது மீண்டும் அதே இடத்தில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்மறையைப் படத்தால் எளிதில் காட்ட முடியாது. ‘ஆடு இலையைத் தின்னவில்லை’ என்று எழுதியிருக்கும்; படத்தில் ஆடும் இருக்கும், இலையும் இருக்கும். படத்தை நம்பிய குழந்தை “ஆடு இலையைத் தின்றது” என்று முழு நம்பிக்கையுடன் வாசிக்கும். காய்ந்ததா, காயப்போகிறதா என்ற காலமும் அப்படித்தான். அது வினைச்சொல்லுக்குள் இருக்கிறதே தவிர ஓவியத்தில் இல்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். நான் கிழித்த நாட்காட்டித் தாளைக் கொண்டு படத்தை மூடுவேன். குழந்தை எழுத்தைக் கூட்டி வாசித்த பிறகே தாளை எடுப்பேன். “நீ வாசித்தது படத்தில் எங்கே இருக்கிறது? படத்தில் உள்ள எது எழுத்தில் இல்லை?” என்று கேட்பேன். சொல்லைக் கண்டுபிடிக்கப் படத்தை நாடக்கூடாது. கண்டுபிடித்த சொல் பொருந்துகிறதா என்று பார்க்கத் தாராளமாக நாடலாம். 2022இல் தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் போலப் படம் மிகுந்தவற்றைக் கையாளும்போது இந்தத் தாள் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

படத்தை அறவே ஒழித்துவிடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருத்தி இதைச் செய்தாள். இதுவும் தவறு.

குழந்தை சொல்லும் பெயரை உடனே திருத்துவது

அரிச்சுவடி அட்டையில் ‘உ’ என்ற எழுத்துக்கு உரலின் படம் இருந்தது. ஒரு சிறுவன் “உடுக்கு” என்றான். மிக்ஸி வந்த பிறகு உரலை அவன் எங்கே காண்பான்? ஆனால் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் குழுவினரின் கையில் உடுக்கையைக் கண்டிருக்கிறான். இடை சிறுத்த உருவம் இரண்டுக்கும் ஒன்றே. முதல் எழுத்தும் பொருந்திவிட்டதால் “சரி” என்று விட்டுவிடவும் முடியும், “தப்பு” என்று அதட்டவும் முடியும். வெவ்வேறு காலங்களில் நான் இரண்டையும் செய்திருக்கிறேன். செய்ய வேண்டியது, “இதை எங்கே பார்த்தாய்?” என்று கேட்பது. துடைப்பத்தைக் கண்டு “வாரியல்” என்றாலும், இளம்பனையைக் கண்டு “வடலி” என்றாலும், அந்தச் சொல்லை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு புத்தகம் அதை எப்படி எழுதியிருக்கிறது என்று காட்டினால் போதும். வடலி என்பது பனையைவிட நுட்பமான சொல் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

படம் எல்லோருக்கும் தானாகப் புரியும் என்று எண்ணுவது

தொலைவில் இருப்பவர் சிறியவராக வரையப்படுவதும், தலைக்கு மேலுள்ள குமிழி மனத்தில் ஓடும் நினைவைக் குறிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய மரபுகள். பக்கத்தின் ஓரத்தில் பாதி தெரிந்த மாட்டைக் காட்டி, “மீதி மாடு எங்க?” என்று ஒரு குழந்தை கேட்டது. நல்ல கேள்வி, சிரித்துக் கெடுத்துவிடாதீர்கள்.

“என்ன தெரிகிறது?” என்பதோடு நிறுத்துவது

இப்படிக் கேட்டால் மரம், மாடு, வீடு என்று பட்டியல்தான் கிடைக்கும். குடை பிடித்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ‘மழை’ என்ற சொல் எழுத்தில் எங்குமே இல்லை. “ஏன் இப்படி நிற்கிறார்?” என்று கேளுங்கள்.

வண்ணம் தீட்டச் செய்வது

அதற்கு வேறு பாடவேளை இருக்கிறது.

வாசித்ததை வரையச் சொல்லாமல் விடுவது

குழந்தைக்கு எது புரிந்தது என்பதை அது வரையும் படமே எனக்குச் சொல்கிறது. சென்னையிலிருந்து புதிதாக வந்த சிறுவன் ஒருவன், ‘கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது’ என்ற வரியை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தான். நானும் நிறைவாக அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அன்று ஏனோ வரையச் சொன்னேன். குளக்கரையிலிருந்து ஒரு மனிதர் தாவுவதாகவும், அவருடைய இரண்டாவது கால் மட்டும் கறுப்பாக, தடிமனாக இருப்பதாகவும் வரைந்திருந்தான். மறு கால்! நிரம்பிய குளத்தின் உபரிநீர் கலுங்கு வழியாக வழிந்து ஓடுவதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் விளக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளை வரையச் சொன்னேன். சற்று நேரத்தில் கரை, கலுங்கு, வழியும் நீர், அதில் மீன் பிடிக்கும் பையன்கள் என்று நாலைந்து தாள்கள் நிறைந்துவிட்டன. அவன் அவற்றை நெடுநேரம் பார்த்தான். தன் படத்தை அழிக்காமல், அந்த மனிதரைச் சுற்றி நீரை வரைந்து, அந்தக் கறுத்த கால் மறுகால் தண்ணீரில் நிற்பதாக மாற்றிக்கொண்டான்.